பீங்கானில் அனுப்பிய தகரச் சுருள்

எழுதிப் பழகாத கை இது. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் நெஞ்சளவு, தோளளவு, கை நீளம் இவ்வளவுதான். அதனால் முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வரும். சொன்னதைத் திரும்பவும் சொல்வேன். சிலது மறந்தும் போயிருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மனதில் நிற்கிற ஒருவரைப் பற்றிப் பெண்கள் சேர்ந்து எழுதுகிற தொகுப்புப் புத்தகத்துக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது எனக்கு வேறு ஒருவரும் வரவில்லை. சுவருக்கு அங்கால் இருந்தவள்தான் வந்தாள். பெயரை எழுதமாட்டேன். எழுதினாலும் அவள் ஒன்றும் நினைக்கமாட்டாள், எனக்குத்தான் கூச்சம்.

கல்முனையில் கடற்கரையை ஒட்டின ஒரு குறுகலான ஒழுங்கையில் எங்கள் இரண்டு பேருடைய வீடும். நடுவில் நெஞ்சு மட்டத்துக்கு ஒரு சுவர். அவள் என்னைவிட இளையவள், என்னை ராத்தா என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒன்றையும் மறைக்கத் தெரியாது. அவளைப் பற்றி இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினாலும் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்கள் யாரென்று சொல்லிவிடுவார்கள்.

குடிவந்த அன்றே சீனி கேட்டு வந்தாள். நான் சீனியை எடுத்துவருவதற்குள் குசினிக்குள்ளேயே வந்து நின்று, "இஞ்ச பாருங்க ராத்தா" என்று சட்டையை விலக்கி வயிற்றில் ஒப்பரேசன் செய்த தழும்பைக் காட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பயப்படாதீங்க, காய்ஞ்சுட்டு" என்றாள். நான் பயந்தது தழும்புக்கல்ல. அறிமுகமாகி ஒரு சுண்டு சீனி அளக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நகையை அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தாள். அதையும் காட்டினாள். எனக்கு மட்டுமல்ல, எதிர்வீட்டு மச்சிக்கும், மீன் கொண்டுவருகிறவரின் மனைவிக்கும், கரண்ட் பில் கொடுக்க வந்த பிள்ளைக்கும். அவளுடைய புருஷன் மீன் லொறி ஓட்டுகிறவர், அதிகம் கதைக்காத மனிதர். ஒருநாள் அவர் சுவரடியில் நின்று என்னிடம் சொன்னார்.

"ராத்தா, இவள்ட வாய்க்கு ஒரு சிப் வெச்சுத் தைச்சுத் தாங்களன். கூலி தாறன்."

"அவவும் தையல்காரிதானே, அவவையே தைக்கச் சொல்லுங்க" என்றேன். நான் அவ்வளவு பேசியதே பெரிய காரியம்.

பெருமைக்காகக் காட்டுகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. பெருமைக்குக் காட்டுகிறவர்கள் பிழையைக் காட்டமாட்டார்கள். இவள் பிழையைத்தான் முதலில் கொண்டுவருவாள். ஒருமுறை ஒரு அபாயாவுக்கு வலக் கையை இடப்பக்கமும் இடக் கையை வலப்பக்கமும் மாற்றித் தைத்துவிட்டாள். அதை ஒரு தடியில் மாட்டி ஒழுங்கை முனைவரைக்கும் கொண்டுபோய்ச் சிரிக்கச் சிரிக்கக் காட்டிவிட்டு வந்து, பிரித்துத் தைத்தாள். புட்டு அவியாவிட்டாலும் காட்டுவாள். மகளுக்கு வந்த சம்பந்தம் தட்டுப்பட்டபோதும், வந்தவர்கள் சொன்ன குறைகளை ஒன்றுவிடாமல் சுவரில் கையூன்றிக்கொண்டு சொன்னாள்.

நான் நேர்மாறு. என் அடுப்பில் என்ன வேகிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. அவளைக் கேட்டுக்கொண்டிருப்பேன், ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அவளை நினைத்து எனக்கு எப்போதும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இப்படித் திறந்து போட்டுக்கொண்டு வாழ்கிறவளை ஒருநாள் யாராவது அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று.

அந்த நாள் வந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தையல் மெசின் இருக்கிறது. பஸாரிலுள்ள கடைகள் துணி தரும், நாங்கள் அபாயாவும் தலையில் போடுகிற சோலும் தைத்துக் கொடுப்போம். சோலுக்கு வழுக்குகிற மெல்லிய துணி. அதன் ஓரத்தைச் சுருட்டித் தைப்பதுதான் கண்ணைப் பிடுங்குகிற வேலை. அதற்கென்று கடையில் ஒரு இரும்புக் கால் விற்கிறது. மெசினில் பூட்டினால் அதிலுள்ள சுருளுக்குள் துணி நுழைந்து தானாகச் சுருண்டு வரும். ஆனால் இரண்டு துண்டு சேருகிற மூட்டு வந்ததும் தடிப்புத் தாங்காமல் விக்கி நிற்கும். நூல் அறும். சில நேரம் துணியும் கிழியும். கிழிந்தால் அந்தத் துணி எங்கள் தலையில்.

இவள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பால்மா டின்னின் மூடித் தகரத்தை வெட்டிச் சுருளாக்கி, அதன் வாயில் ஒரு சின்ன நாக்கு வைத்தாள். நாக்குக்கு மேலே உடைந்த குடைக் கம்பியில் ஸ்பிரிங் மாதிரி ஒரு வில், அடியில் பழைய செருப்பின் ரப்பர். தடிப்பு வந்தால் நாக்கு தானாக எழும்பும், தடிப்புப் போனதும் தானாகப் படுக்கும். அவ்வளவுதான். பார்த்தால் குப்பையில் கிடந்ததை எடுத்துவந்த மாதிரி இருக்கும். தைத்தால் தண்ணீர் மாதிரிப் போகும்.

நோன்பு வருவதற்குச் சில நாளைக்கு முன்னால் என் மெசினில் அதைப் பூட்டித் தைத்துக் காட்டினாள். மூட்டைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன், பழக்கத்தில். அது சத்தமில்லாமல் தாண்டிவிட்டது.

"ராத்தா, இதில நிறையச் செய்து நோன்புக்குள்ள எல்லாருக்கும் ஒவ்வொண்டு குடுக்கப்போறன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

சொல்லாதீங்க என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல்முறை. எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் பக்கத்தில் நோன்பு மாதம் முழுக்கப் பின்னேரங்களில் பலகாரம் வைத்த பீங்கான் தட்டுகள் வீட்டுக்கு வீடு நடக்கும். கஞ்சி, சம்சா, கட்லட், வட்டிலப்பம், எதுவானாலும். வந்த பீங்கானை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது மரியாதையில்லை, எதையாவது வைத்துத்தான் அனுப்பவேண்டும். அந்த வருசம் பெருநாள் தையல் அவளுக்கு மலைபோல் குவிந்து கிடந்தது. பலகாரம் செய்ய நேரமில்லை. முதல் நோன்பன்றே, வந்த பீங்கான் ஒவ்வொன்றிலும் ஒரு தகரச் சுருளைத் துணித் துண்டில் சுற்றி வைத்து அனுப்பிவிட்டாள்.

ஒழுங்கையில் ஒரே கலவரம். எதிர்வீட்டு மச்சி நோன்பு துறந்த கையோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"என்னகா, நோன்பு துறக்கத் தகரமா அனுப்பிருக்காய்? என்ட மனிசனுக்கு இருக்கிறதே நாலு பல்லு."

"அது திங்கிற சாமான் இல்ல மச்சி."

"அது இப்பதான் வெளங்கிச்சு. பலகார அச்செண்டு நெனச்சு மாவில தோச்சு எண்ணெயில போட்டன். செருப்பு மணக்குது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மச்சியின் வீட்டுக்கே போய், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வெந்த ரப்பரை மாற்றி, மெசினில் பூட்டி, எப்படிப் பாவிப்பது, எப்படிச் செய்தது, வில்லை எவ்வளவு வளைத்தது, எல்லாம் காட்டிவிட்டு வந்தாள். அந்தப் பெருநாளைக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு துணியும் கிழியவில்லை.

பெருநாளுக்குப் பிறகு ஆட்கள் தேடி வந்தார்கள். மருதமுனையிலிருந்து வந்தார்கள், சம்மாந்துறையிலிருந்து வந்தார்கள். தகர வேலைக்காரர் ஒருவரைப் பிடித்து நிறையச் செய்வித்தாள். அதற்குள் மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது, அந்த மருமகன் அவற்றைச் சின்னப் பைகளில் போட்டுக் கொடுத்தான். அந்த நேரத்தில்தான் அவளுடைய புருஷனுக்கு நெஞ்சு வருத்தம் வந்து, இனி லொறி ஓடக் கூடாது என்று டொக்டர் சொன்னார். வீடு அந்தச் சுருளை விற்ற காசில் ஓடத் தொடங்கியது.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து, நூல் வாங்க அவளோடு பஸாருக்குப் போனேன். தையல் சாமான் கடையில் கண்ணாடிக்குள் அதே சுருள். மினுங்குகிற தகடு, கலர்ப் பெட்டி. அவள் எடுத்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டாள்.

"இது என்ட சாமான்தானே காக்கா?"

கடைக்காரர் சிரித்தார். கெட்ட மனிதர் மாதிரிச் சிரிக்கவில்லை, நன்றாகத்தான் சிரித்தார்.

"உங்கட பேர் எங்க எழுதிக் கிடக்கு தங்கச்சி? நான் இதுக்குக் கொழும்பில பேட்டன் போடப்போறன். போட்டா மறுகா இத வேற ஒருத்தரும் செய்து விக்க ஏலா. நீங்களும்தான். இப்பவே சொல்லிவெச்சிட்டன், பிறகு கோவிக்கப்படா. தேத்தண்ணி எடுக்கட்டா?"

எங்களுக்குத் தேத்தண்ணி வேண்டியிருக்கவில்லை. ஓட்டோவில் வரும்போது அவள் கேட்டாள்.

"ராத்தா, நான் செய்த சாமான நான் செய்யக் கூடாதெண்டு சொல்ல ஒரு ஆளுக்கு ஏலுமா?"

எனக்குத் தெரியவில்லை.

மருமகன் கொம்பியூட்டர் திருத்துகிற கடையில் வேலை செய்கிற பிள்ளை. அவன் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான். புதிதாக ஒரு சாமானைக் கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் கொடுக்கிற உரிமைதான் பேட்டன், தமிழில் ஆக்கவுரிமை என்று சொல்வார்களாம். அது கையில் இருந்தால், அவரைக் கேட்காமல் வேறு யாரும் அந்தச் சாமானைச் செய்யவோ விற்கவோ முடியாது.

"அப்ப சரிதானே மகன். கண்டுபிடிச்சது நான்தானே" என்றாள்.

"ஓம் மாமி. ஆனா விண்ணப்பிக்க முந்தி ஊருக்குக் காட்டினா, அது பிறகு புதுசில்லையாம். நீங்க பீங்கான்ல வெச்சு ஒழுங்கை முழுக்க அனுப்பிட்டீங்களே."

அவன் குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அது அடி மாதிரி விழுந்தது. கடைக்காரர் எப்படியாவது எழுதி எடுத்துவிடுவார், தன்னுடைய வாயும் கையும் சும்மா இருந்திருந்தால் இது வந்திருக்காது என்று நம்பிவிட்டாள். இனியாவது எல்லாவற்றையும் மூடி வையுங்கள் என்று மருமகனும் சொல்லிவிட்டான்.

அதிலிருந்து அவள் மூடினாள். மெசினுக்கு மேலே போர்வை. யன்னலுக்குச் சீலை. நான் போனால் கையிலுள்ளதைத் துணிக்கு அடியில் தள்ளுவாள், பிறகு வெட்கப்பட்டு வெளியே எடுப்பாள், பிறகு திரும்பவும் தள்ளுவாள். சுவரடிக்கு வருவதில்லை. அரிசி டிரம்மில் இருந்த நகையை எங்கேயோ மாற்றி வைத்தாள், எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மெலிந்துபோனதில் அவளுடைய சட்டைகளைப் பிடித்துத் தைக்கவேண்டி வந்தது.

ஒருநாள் அவளுடைய புருஷன் நெஞ்சைத் தடவிக்கொண்டு சுவரடிக்கு வந்தார்.

"ராத்தா, வீடு மையத்து எடுத்த வீடு மாதிரிக் கிடக்கு. அவள் கதைக்கிறாளில்ல. முந்தி நான் எவ்வளவு ஏசியிருப்பன். இப்ப சத்தமில்லாம எனக்கு நித்திரை வருகுதில்ல. நீங்க ஏதும் சொல்லிப் பாருங்களன்."

நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். பட்டன் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படியே மாதங்கள் போயின. அடுத்த நோன்புக்குப் பிறை பார்க்கிற அன்று பொழுதுபடும் நேரம், ஒழுங்கையில் எல்லோரும் மேற்கே வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். மருமகன் ஓடிவந்தான்.

"மாமி, நான் முந்தி வாசிச்சது வேற நாட்டுச் சட்டமாம். ஒவ்வொரு நாட்டுக்கும் வேற வேறயாம். எங்கட நாட்டில, கண்டுபிடிச்சவரே காட்டியிருந்தா, காட்டி ஒரு வருசத்துக்குள்ள விண்ணப்பம் போட்டாச் சரியாம். காட்டினதக் கணக்கெடுக்க மாட்டாங்களாம்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. மலர்ந்ததைக் கண்ணால் கண்டேன். அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலிலிருந்து ஒலிபெருக்கி சொன்னது, பிறை கண்டாச்சு, நாளைக்கு முதல் நோன்பு.

"போன வருச முதல் நோன்பில குடுத்தன்" என்றாள் அவள். "நாளைக்கு முதல் நோன்பு. வருசம் போயிட்டு மகன்."

எல்லோருக்கும் அப்படித்தான் பட்டது. எனக்கும்தான். மருமகன் தலையைத் தொங்கப் போட்டான். எதிர்வீட்டு மச்சி பிறைக்கு ஏந்திய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்கு வருசம் என்றால் நோன்பிலிருந்து நோன்பு. பிள்ளைகளின் வயதைக்கூட அப்படித்தான் சொல்வோம். ஒரு நாளால் தவறிவிட்டதே என்று ஒழுங்கையே துக்கப்பட்டது.

அடுத்த நாள் பின்னேரம், பாண்டிருப்பிலிருந்து ஒரு சட்டத்தரணிப் பிள்ளை வந்தாள். வழக்குப் பேச வரவில்லை. கோர்ட்டுக்கு உடுத்துப் போகிற சாரிகளுக்கு ஓரம் அடிக்க இவளிடம் கொடுத்திருந்தாள், அதை எடுக்க வந்தாள். சாரியைக் கொடுத்தவளின் முகத்தைப் பார்த்து, "என்ன அக்கா, நோன்புக் களையா, சுகமில்லையா?" என்று கேட்டாள். இவளுக்கு அடக்கத் தெரியுமா? மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. நானும் எதிர்வீட்டு மச்சியும் கதவடியில் நின்றோம், மருமகனும் வீட்டில் இருந்தான்.

சட்டத்தரணிப் பிள்ளை சாரியை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

"நான் இந்த வேலை செய்யிறதில்ல அக்கா. கொழும்பில என்னோட படிச்ச ஒருத்தி செய்யிறா. இருந்தாலும் சட்டத்தைப் பார்க்கத் தெரியும். முதல் நோன்பு எண்டு சொல்றீங்க. போன முறை எந்தத் திகதி?"

மருமகன் போனைத் தட்டிச் சொன்னான். சட்டத்தரணிப் பிள்ளை சுவரில் தொங்கின கலண்டரைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"உங்கட வருசம்தான் முடிஞ்சிருக்கு. சட்டத்தின்ட வருசம் முடியல்ல. நோன்பு ஒவ்வொரு வருசமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வாறதுதானே?"

இது எங்களுக்குத் தெரியாத விசயமா? மாரி மழையில் நனைந்துகொண்டு நோன்பு பிடித்திருக்கிறோம், சூடடிக்கிற வெயிலிலும் பிடித்திருக்கிறோம். நோன்பு காலம் மாறி மாறி நடந்து வருவதைச் சின்ன வயதிலிருந்து கண்டவர்கள். கண்டும் ஒருவருக்கும் அந்த நேரம் தோன்றவில்லை.

"அப்ப இன்னும் நாள் கிடக்கா?" என்று அவளுடைய புருஷன் உள்ளேயிருந்து கேட்டார்.

"கிடக்கு. ஆனா கொழும்பில கந்தோர் பூட்டுற லீவு நாளையும் கழிச்சுப் பாருங்க. கெதியா வேணும்." பிறகு முகம் மாறியது. "அக்கா, இது முக்கியம். முதல் நோன்புக்கு முந்தி யாருக்காவது காட்டினீங்களா?"

இவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ராத்தாக்கு மட்டும் காட்டினன். ஒருத்தருக்கும் சொல்லாதீங்க எண்டு சொல்லித்தான் காட்டினன்."

"அம்மா, நீங்க யாருக்கும் சொன்னீங்களா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். எதிர்வீட்டு மச்சி என் பக்கம் நின்று சொன்னாள்: "அவவா? அவட பேத்திக்கு நிக்காஹ் பேசினதே எங்களுக்கு அழைப்பு வந்துதான் தெரியும்."

சட்டத்தரணிப் பிள்ளை சிரித்தேவிட்டாள். நம்பிக்கையாக ஒருவருக்குச் சொன்னது ஊருக்குக் காட்டினதாகாது என்றாள். கொழும்புச் சிநேகிதியிடமும் போனில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

"கடைக்காரர் முந்திப் போட்டிருந்தா?" என்று மருமகன் கேட்டான்.

"போடட்டும். அவர் போட முந்தியே ஒழுங்கையெல்லாம் கண்ட சாமான் அவருக்குப் புதுசாகாது. அந்த ஒரு வருசச் சலுகை கண்டுபிடிச்சுக் காட்டினவருக்கு. பார்த்துச் செய்தவருக்கில்ல."

கேட்டீர்களா? காட்டியதால் போய்விட்டது என்று அவள் மெலிந்து போனாளே, அவள் காட்டியதுதான் கடைக்காரருக்கு முன்னால் சுவராக நின்றது.

அன்றைக்கே எழுதத் தொடங்கினார்கள். எது புதிது என்று பிரிக்கத்தான் நேரம் போனது. சுருள், ரப்பர், தகரம் எல்லாவற்றையும் இவள் சொல்லிக்கொண்டே போனாள். சட்டத்தரணிப் பிள்ளை நிறுத்தினாள்.

"சுருள் முந்தியே கடையில விக்கிற சாமான். அத உங்கட எண்டு கேட்க ஏலா. தடிப்பு வரக்குள்ள தானா எழும்பித் தானா படுக்கிற நாக்கு, அதுதான் உங்கட. அத மட்டும் கேப்பம். எல்லாத்தையும் கேட்டா ஒண்டும் கிடைக்காது."

"ஓம், சுருள் என்டதில்லதான்" என்று இவள் ஒத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வில்லை எவ்வளவு வளைக்கிறதெண்டத மட்டும் எழுதாம விடுவமா? அதுதான் சூட்சுமம்" என்றாள். மூடி வைக்கப் பழகிவிட்டாள், பாவம்.

"அதத்தான் வடிவா எழுதணும் அக்கா. இத வாசிச்சு இன்னொரு தையல்காரி தானே செய்யக்கூடியதா இருக்கணும். அரசாங்கம் இருபது வருசம் உங்களுக்குக் காவல் நிக்கும். அதுக்கு நீங்க குடுக்கிற விலை, ஒண்டும் மறைக்காம ஊருக்குச் சொல்லித் தாறது. இருபது வருசம் முடிஞ்சா ஆரும் செய்யலாம்."

"மறைக்கவே கூடாதா?"

"மறைச்சா அது பிழை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது. எழும்பிப் போய் யன்னல் சீலையை இழுத்தாள், மெசின்மேல் கிடந்த போர்வையை எடுத்தாள், நோன்பு வயிற்றோடு இருந்து சொல்லத் தொடங்கினாள். தகரத்தை எந்தப் பக்கமாக வெட்டுவது, எந்தக் குடைக் கம்பி ஆகாது, எத்தனை தரம் செய்து பிழைத்தது, செருப்பில் குதிப் பக்கத்து ரப்பரே ஏன் நல்லது. எழுதுகிற பிள்ளைக்குக் கை வலித்தது. பிழைத்ததெல்லாம் வேண்டாம் அக்கா என்றாலும் அவள் விடவில்லை. மருமகன் படம் கீறினான். நோன்பு துறக்கப் பள்ளியில் பாங்கு சொல்லும்வரைக்கும் வாய் மூடவில்லை. புருஷனைப் பார்க்க உள்ளே போனேன். மனிதர் அந்தச் சத்தத்துக்குள் அசந்து நித்திரை.

கட்டிலில் கிடந்த மனிதரை எழுப்பி நோன்பு துறக்க வைக்கவேண்டியிருந்தது.

விண்ணப்பம் நாளுக்குள் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. மருமகனே கொண்டுபோனான். கொடுத்துவிட்டேன், ஏற்றுக்கொண்டார்கள் என்று அவன் போன் எடுத்துச் சொன்னபோது, நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஏதோ என் பிள்ளைக்குச் சுகமான மாதிரி இருந்தது. கடைக்காரர் சொன்னாரே தவிர ஒன்றும் போட்டிருக்கவில்லை என்பதும் பிறகு தெரிந்தது.

அவள் பெரிதும் கவலைப்பட்டது இன்னொன்றைப் பற்றி. பீங்கானில் கொடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கவேண்டுமா என்று சட்டத்தரணிப் பிள்ளையிடம் கேட்டாள். இல்லை, கொடுத்தது அவர்களுடையது, அவர்கள் வைத்துத் தைக்கலாம், அதைப் போல் செய்து விற்கத்தான் முடியாது என்றாள். "அல்ஹம்துலில்லாஹ், மச்சிட பொரிச்ச சுருளத் திருப்பி வாங்க எனக்கேலா" என்றாள் இவள்.

பேட்டன் பத்திரம் கையில் வர வெகு காலம் பிடித்தது. கொழும்பில் பார்க்கிறவர்கள் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு எழுதினார்கள், இவர்கள் பதில் எழுதினார்கள். வந்த பிறகு கடைக்காரர் ஒருநாள் தானாகவே வீட்டுக்கு வந்தார். முறையாகக் கேட்டுச் செய்கிறேன், அனுமதியை எழுத்தில் தாருங்கள் என்றார். இவள் சம்மதித்தாள். அதோடு விட்டாளா? அவர் கொண்டுவந்த சுருளை வாங்கிப் பார்த்து, "காக்கா, உங்கட வில்லு முரடு. இஞ்ச பாருங்க" என்று வளைத்துக் காட்டத் தொடங்கிவிட்டாள்.

அவர் போனதும் எதிர்வீட்டு மச்சி கேட்டாள். "களவெடுத்தவருக்கே பாடம் சொல்லிக் குடுக்கிறியாகா?"

"அவர்ட சாமான் விக்கிக்கிட்டா, தைக்கிறவள் அவரையா ஏசுவாள்? இதக் கண்டுபிடிச்சவளைத்தான் ஏசுவாள்."

மகளும் மருமகனும் பொத்துவிலில் கடை போட்டபோது இவளும் புருஷனும் அவர்களோடு போய்விட்டார்கள். சுவருக்கு அங்கால் இப்போது வேறு ஆட்கள், நல்லவர்கள், சத்தமில்லாதவர்கள். போன மாதம் என் பேத்தி என்னைப் பொத்துவிலுக்குக் கூட்டிப்போனாள். புருஷனுக்கு உடம்பு தேறியிருக்கிறது. கடலில் பலகை வைத்து அலையேற வந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கிழிந்த பையொன்றைத் தைக்கக் கொண்டுவந்து நின்றது. பாஷை ஒரு சொல் கிடையாது. இவள் அந்தப் பிள்ளையை மெசினடியில் இருத்தி, நாக்கு எழும்புவதைக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயம் வரவில்லை. அவளைப் பற்றி இனி எனக்குப் பயமில்லை.

இதில் சட்டமாக வருகிற பகுதிகளைத் தெரிந்த ஒருவர் பார்த்துத் திருத்தவேண்டும். இருபது வருசம் என்று எழுதியிருக்கிறேன். அது விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்தா, பத்திரம் வந்த நாளிலிருந்தா என்று எனக்குத் தெரியாது. வருசா வருசம் ஏதோ கட்டிப் புதுப்பிக்கவேண்டும் என்றும் கேள்விப்பட்டேன், அதையும் விசாரியுங்கள். சுருளின் விவரத்தில் பிழையிருந்தால் பொத்துவிலுக்குப் போய் அவளிடமே கேட்கலாம். சொல்வாள். நீங்கள் வேறு காரியமாகப் போயிருந்தாலும் சொல்வாள்.